கட்சிக்காரரின் ஆவணங்களும் ஏஐ சாட்பாட்களும்: இணையச் சேவையா, அலுவலகக் கணினியா?

கரந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் உரிமையியல் வழக்குகளை நடத்தும் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். பாகப்பிரிவினை, சொத்துரிமை விளம்புகை, நிரந்தர உறுத்துக் கட்டளை ஆகிய வழக்குகளே எங்களிடம் மிகுதி. ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல், உயில், பழைய பாகப்பத்திரம் எனப் பல தாள்கள் இருக்கும். அவற்றைப் படித்து, எந்த ஆண்டில் யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார் என்று வரிசைப்படுத்தித் தருவதுதான் எங்கள் ஜூனியர்களின் முதல் வேலை.

அண்மைக் காலமாக அவர்கள் அந்த வேலைக்குக் கைப்பேசியில் உள்ள சாட்பாட்களை நாடுகிறார்கள். 2025இல் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டியும், ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினியும், நவம்பர் முதல் சாட்ஜிபிடி கோ திட்டமும் கட்டணமின்றிக் கிடைத்தன. அதனால் எல்லாருடைய கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அவர்களைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. வேலை விரைவாக நடப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால், ஒரு குடும்பத்தின் உயிலும் கடன் விவரமும் எங்கள் அலமாரியை விட்டு எங்கோ ஒரு சர்வருக்குப் போவதைக் கட்சிக்காரர் அறிந்தால் ஒப்புவாரா என்ற கேள்வி என்னை விடவில்லை.

என் கேள்விகள் மூன்று. எந்த ஆவணத்தை இணையச் சாட்பாட்டிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? சொந்தக் கணினியிலேயே இயங்கும் ஏஐ மாடல்கள் (சாட்பாட்டின் பின்னால் இருந்து விடை எழுதும் மென்பொருள்கள்) தமிழ்ப் பத்திரங்களைப் படிக்கும் அளவுக்குத் தேறியிருக்கின்றனவா? எங்களிடம் இருப்பது 16 ஜிபி ரேம் கொண்ட, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மேசைக் கணினி, அது போதுமா?

வடக்குமாசி எழுதியது:

கரந்தை அவர்களுக்கு வணக்கம். நானும் இதே தொழிலில், மதுரையில் இருக்கிறேன். எந்த மாடல் சிறந்தது என்பதற்கு முன்பாகத் தொழிற்கடமையைப் பேசிவிடுவது நல்லது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதையும் நம்மிடம் காட்டிய ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் இதையே சொன்னது. சாட்பாட் நிறுவனத்தின் சர்வரில் ஆவணத்தை ஏற்றுவது வெளியிடுவதாகுமா என்பதை வாதிக்க முடியும். ஆனால் அந்த வாதத்தை என் கட்சிக்காரருக்கு எதிராக நான் நடத்த நேருமானால் அதுவே பெருந்தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ முடிவு காண்பதற்கு ஏஐ கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதோடு, ஒப்புதல் பெறாத இணையவழிச் சேவைகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறியது. அதற்கு முன்பே, 2025 ஜனவரி இறுதியில் ஒன்றிய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. இவை நம்மைக் கட்டுப்படுத்துபவை அல்ல என்றாலும், பொறுப்புள்ள இடங்களில் கோடு எங்கே போடப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன.

பீளமேடு எழுதியது:

இணையச் சேவைகளின் தரவுக் கொள்கையைப் பற்றிச் சொல்கிறேன். பலரும் 'தனியுரிமை உண்டா, இல்லையா' என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே நிறுவனம் தனிநபர் கணக்குக்கு ஒரு விதியையும், நிறுவனக் கணக்குக்கும், வேறொரு மென்பொருள் வழியாகச் சேவையை அழைக்கும் ஏபிஐக்கும் வேறு விதியையும் வைத்திருக்கிறது.

சாட்ஜிபிடியின் தனிநபர் கணக்கில், அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) சென்று நாமே அணைக்காவிட்டால், நம் உரையாடல்கள் அடுத்த மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். ஏபிஐ வழியாக அனுப்புபவற்றை 2023 மார்ச் முதல் இயல்பாகப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ அறிவித்திருக்கிறது. ஜெமினியின் தனிநபர் சேவையில் சில உரையாடல்களை மனிதர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள். அவ்வாறு படிக்கப்பட்டவை மூன்றாண்டுகள் வரை வைக்கப்படலாம் என்றும், இரகசியமானவற்றை உள்ளிட வேண்டாம் என்றும் கூகுளே எழுதியிருக்கிறது. கிளாட் என்ற சாட்பாட்டை உருவாக்கும் ஆந்த்ரோபிக் 2025 ஆகஸ்டில் விதியை மாற்றியது. அதன்படி, தனிநபர் கணக்கில் பயிற்சிக்கு இசைந்தவர்களின் தரவு ஐந்தாண்டுகள் வரையிலும், இசையாதவர்களுடையது 30 நாட்களும் இருக்கும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே உங்கள் ஜூனியர்களின் கைப்பேசிகளை வாங்கி, ஒவ்வொரு செயலியிலும் அந்த அமைப்பு இன்று எப்படி இருக்கிறது என்று நேரில் பார்ப்பதுதான் சரி.

அமைப்பை அணைத்துவிட்டாலும் இரண்டு நிகழ்வுகளை நினைவில் வைத்திருங்கள். 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடியின் உரையாடல் பதிவுகளைப் பயனர்கள் அழித்திருந்தாலும் பாதுகாத்து வைக்குமாறு ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. அந்தக் கடமை செப்டம்பர் இறுதி வரை நீடித்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், சிலர் பொதுவில் தேடப்படலாம் என்ற தேர்வோடு பகிர்ந்திருந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்ததால், அந்த வசதியையே ஓப்பன்ஏஐ நீக்கியது. முதலாவதில் நிறுவனம் தன் விருப்பத்தால் வாக்குறுதியை மீறவில்லை, நீதிமன்றம் தலையிட்டது. இரண்டாவதில் பயனர் தேர்வின் பொருளைச் சரியாக உணரவில்லை. ஆவணம் கணினியை விட்டு வெளியேறிய பிறகு அதன் கதி நம் கையில் இல்லை என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

நுங்கை எழுதியது:

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் உடனே 'அப்படியானால் எல்லாவற்றையும் சொந்தக் கணினியில் செய்துகொள்ளுங்கள்' என்று முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 16 ஜிபி கணினியில் இயங்கும் மாடலுக்கும் பெரிய நிறுவனங்களின் முதன்மை மாடலுக்கும் திறனில் உள்ள இடைவெளி, குறிப்பாகத் தமிழில், மிகப் பெரியது. தவறான சுருக்கத்தாலும் கட்சிக்காரருக்குக் கேடு விளையும். பயிற்சிக்கு எடுக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும் நிறுவனத் திட்டத்தைக் கட்டணம் செலுத்தி வாங்கி, பெயர்களையும் கதவு எண்களையும் நீக்கிவிட்டு ஆவணத்தைக் கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது. டைம்ஸ் வழக்கின் உத்தரவிலும் ஓப்பன்ஏஐயின் பெருநிறுவனத் திட்டத்துக்கு விலக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வடக்குமாசி எழுதியது:

நுங்கை சொல்லும் விலக்கு உண்மைதான். ஆனால் பெயரை நீக்குவதால் ஆவணம் அடையாளமற்றதாகிவிடும் என்பதை ஏற்க இயலாது. ஒரு கிரயப் பத்திரத்தின் உயிரே சொத்து விவரத்தில்தான் இருக்கிறது. வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நான்கெல்லை ஆகியவை இருந்தால் பெயரே தேவையில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்தில் எவரும் பார்த்துவிடலாம். அவற்றையும் நீக்கினால், சாட்பாட் வரிசைப்படுத்த வேண்டிய பொருளே இல்லாமல் போய்விடும். நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களும் வரும் என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் நம் கட்சிக்காரர்கள்கூட அல்லர்.

நீக்குவது பயன்படும் இடமும் உண்டு. 'கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு பங்குதாரர் மற்றவர்களின் ஒப்புதலின்றித் தன் பங்குக்கு மேல் விற்றுவிட்டார், வாங்கியவருக்கு என்ன பரிகாரம்' என்று சட்டக் கேள்வியாக மாற்றிக் கேட்பதில் எந்த இரகசியமும் வெளியேறாது. அதற்கு இணையச் சாட்பாட்டை நானே பயன்படுத்துகிறேன். ஆவணத்தைக் கொடுப்பது வேறு, ஆவணத்திலிருந்து எழும் கேள்வியைக் கொடுப்பது வேறு; கரந்தை தம் ஜூனியர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான் என்று கருதுகிறேன்.

அவ்வாறு கேட்டுப் பெறும் விடையில் தீர்ப்புகளின் பெயர் வந்தால், ஒவ்வொன்றையும் உச்சநீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலோ இந்தியன் கானூனிலோ தேடி எடுத்து, முழுத் தீர்ப்பையும் படித்த பிறகே மனுவில் சேர்க்க வேண்டும். 2023 ஜூனில் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா என்று அவர்களில் ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். உண்மையானவையே என்று அது விடையளித்திருந்தது.

பீளமேடு எழுதியது:

இப்போது கரந்தையின் மூன்றாவது கேள்வி. இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் கணினி வாங்கும்போது பெரும்பாலானவர்கள் பார்க்க வேண்டிய எண்ணைப் பார்ப்பதில்லை.

மாடலின் பெயருக்குப் பின்னால் வரும் 4பி, 8பி, 12பி என்பவை, அதில் எத்தனை நூறு கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) உள்ளன என்பதைக் குறிக்கும். ஒவ்வோர் அளவுருவையும் 16 பிட்டில் வைத்தால் 8பி மாடலுக்கு 16 ஜிபி தேவைப்படும். அதைச் சுருக்கி ஏறக்குறைய 4 முதல் 5 பிட்டுக்குக் கொண்டுவருவதைக் குவாண்டைசேஷன் என்கிறோம். அப்போது 8பி மாடல் 5 ஜிபிக்குள்ளும், 12பி மாடல் 8 ஜிபி அளவிலும் அடங்கிவிடும். தரம் சற்றுக் குறையும். 4 பிட்டுக்குக் கீழே போனால் வேகமாகக் குறையும். சாதாரணக் கணினியில் மொழி மாடலை இயக்கும் வழியைப் பரவலாக்கியது 2023 மார்ச்சில் வெளிவந்த லாமா.சிபிபி என்ற திறமூல மென்பொருள். ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ ஆகியவை அதன் அடித்தளத்தில் வளர்ந்தவை. கட்டளை வரி பழக்கமில்லாத அலுவலகத்துக்கு எல்எம் ஸ்டுடியோவைப் பரிந்துரைப்பேன்.

வேகம் எதைப் பொறுத்தது? மாடல் ஒவ்வொரு டோக்கனை (சொல்லின் சிறு துண்டை) எழுதும்போதும் தன் அளவுருக்கள் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். ஆகவே நினைவகம் ஒரு நொடியில் எத்தனை ஜிபி தர வல்லது என்பதை மாடலின் அளவால் வகுத்தால் வேகத்தின் உச்ச வரம்பு கிடைத்துவிடும். இரட்டைத் தடத்தில் உள்ள டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 51.2 ஜிபி தரும். 8 ஜிபி மாடலை அதில் இயக்கினால் நொடிக்கு ஆறு டோக்கன்தான் உச்சம், நடைமுறையில் அதற்கும் குறைவு. 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு நொடிக்கு 360 ஜிபி தரும் என்பதால் அதே மாடல் பன்மடங்கு விரைவாக ஓடும். ஒரே ரேம் குச்சி மட்டும் போட்டிருந்தால் ஒரு தடமே இயங்கும், பாதி வேகம் போய்விடும். கரந்தை முதலில் தம் கணினியின் மூடியைத் திறந்து, 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

இதற்கு ஒரு நல்ல மாற்றுவழியும் வந்திருக்கிறது. சில மாடல்களில் அளவுருக்கள் பல பிரிவுகளாக இருக்கும். ஒவ்வொரு டோக்கனுக்கும் சில பிரிவுகள் மட்டுமே வேலை செய்யும். 2025 ஏப்ரலில் வந்த குவென்3-30பி-ஏ3பி மாடலில் மொத்தம் 3,050 கோடி அளவுருக்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் இயங்குபவை 330 கோடிதான். ஓப்பன்ஏஐ 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ்-20பியும் இவ்வகையே. கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இவை பெரிய வரம். ஆனால் அளவுருக்கள் முழுவதும் ரேமில் அமர்ந்தாக வேண்டும் என்பதால், குவெனுக்கு 32 ஜிபி தேவைப்படும். கரந்தை பணம் செலவிடுவதானால் முதலில் ரேமை 32 ஆக்கட்டும். கார்டைப் பிறகு பார்க்கலாம்.

மெய்ப்புத்திருத்தி எழுதியது:

நான் தமிழ் மெய்ப்பு பார்ப்பவர். மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத் தரவரிசைப் பட்டியல்கள் எவையும் அதைச் சொல்வதில்லை.

மாடல்கள் எழுத்தை அப்படியே படிப்பதில்லை. டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. துண்டுகளின் பட்டியலில் தமிழ்ச் சொற்களும் அசைகளும் போதுமான அளவு இல்லாவிட்டால், எழுத்து பைட்டுகளாகச் சிதறும். யூனிகோடில் 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். பட்டியலில் இல்லையென்றால் ஒரே எழுத்துக்கு ஆறு டோக்கன்கள் செலவாகும். 2023இல் மெட்டா வெளியிட்ட லாமா 2 என்ற மாடலின் பட்டியலில் 32,000 துண்டுகளே இருந்தன, தமிழுக்கு அதில் இடம் மிகக் குறைவு. அதனால்தான் அதே ஆண்டு வந்த தமிழ் லாமா என்ற முயற்சி, 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்துத் தொடங்க வேண்டியிருந்தது. ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓவை அறிமுகப்படுத்தியபோது, எடுத்துக்காட்டாகக் கொடுத்த ஒரு தமிழ்ப் பகுதி 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்ததைக் காட்டியது. கூகுளின் ஜெம்மா 3 மாடல்களின் பட்டியலில் ஏறக்குறைய 2,62,000 துண்டுகள் உள்ளன. 16 ஜிபி கணினியில் இயங்குபவற்றுள் தமிழுக்கு ஜெம்மா 3இன் 12பியை முதலில் சோதிக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

துண்டுகள் மிகுந்தால் மூன்று இழப்புகள் நேர்கின்றன. எழுதும் வேகம் குறைகிறது. ஏபிஐக்குக் கட்டணம் கூடுகிறது. மாடல் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடிய பக்கங்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. மூன்றாவதுதான் பத்திரம் படிப்பவருக்குக் கேடு.

எனினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த அளவுள்ள மாடல்கள் தமிழை எழுதுவதைவிடப் புரிந்துகொள்வதில் மேல். தமிழில் எழுதச் சொன்னால் வேற்றுமை உருபு பிசகும், சந்தி பிழைபடும், இல்லாத சொற்கள் முளைக்கும். தமிழ் ஆவணத்தைக் கொடுத்து, விடையை அட்டவணையாகவோ எளிய ஆங்கிலத்திலோ கேட்டுப் பெறுவது இப்போதைக்கு நம்பகமானது. என் மொழியில் எழுதும் கருவி இன்னும் சரியாக அமையவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற இடங்களில் நடக்கும் பணியால் இந்நிலை மாறும் என்று எதிர்பார்க்கிறேன்.

கரந்தை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கணினியைத் திறந்து பார்த்தோம். ஒரே 16 ஜிபி குச்சிதான் இருந்தது. இன்னொன்றைச் சேர்த்து 32 ஆக்கியிருக்கிறோம். எல்எம் ஸ்டுடியோவை நிறுவி, முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டைக் கொண்டு, அளவில் வேறுபட்ட சில மாடல்களைச் சோதித்தோம்.

தட்டச்சான கிரயப் பத்திரங்களிலிருந்து தேதி, எழுதிக் கொடுத்தவர், பெற்றவர், பத்திர எண் ஆகியவற்றைப் பிரித்தெடுப்பதில் பெரிய மாடல்கள் பாராட்டும்படி வேலை செய்தன. நில அளவில்தான் பெருஞ்சிக்கல். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அளவு மாவிலும் குழியிலும் இருக்கும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது எங்கள் வழக்கு. 2 மா 35 குழி என்றால் 33,840 சதுர அடி, அதாவது சுமார் 77.7 சென்ட். இதைச் சிறு மாடல் ஒன்று சிறிதும் தயங்காமல் ஒன்றரை ஏக்கருக்கு மேல் காட்டியது. வேறொன்று, குழிக்கு வேறு ஊர்க் கணக்கை எடுத்துக்கொண்டது. பங்குத் தகராறில் இப்படி ஒரு எண் நுழைந்தால் வழக்கே தடம் மாறிவிடும்.

இன்னொரு குறையும் கண்டேன். நீளமான பாகப்பத்திரத்தை முழுவதுமாகக் கொடுத்தபோது, 'ஏ' ஷெட்யூல் சொத்துகளைப் பற்றி எதுவுமே இல்லை என்று ஒரு மாடல் விடையளித்தது. அந்த ஷெட்யூல் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. இது ஏன் நேர்கிறது?

பீளமேடு எழுதியது:

இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் சூழல் நீளத்தில், அதாவது மாடல் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடிய டோக்கன்களின் எண்ணிக்கையில், இருக்கிறது. மாடல் 1,28,000 டோக்கன்களைத் தாங்கும் என்று விளம்பரத்தில் இருந்தாலும், அதை இயக்கும் மென்பொருள் நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக மிகச் சிறிய எல்லையை இயல்பாக வைத்திருக்கும். ஒல்லாமாவில் இது நெடுங்காலம் 2,048 ஆக இருந்து பின்னர் 4,096 ஆனது. ஆவணம் அந்த எல்லையைத் தாண்டினால் ஒரு பகுதி வெட்டப்படும். பல நேரங்களில் எச்சரிக்கையே வராது. வெட்டப்பட்டது எதுவென்று மாடலுக்கும் தெரியாது, ஆகையால் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லிவிடும். தமிழில் துண்டுகள் மிகுதி என்பதால் இந்த எல்லை மிக விரைவில் நிரம்பும்.

மாடலை ஏற்றும்போது சூழல் நீளத்தை 16,000 ஆக உயர்த்துங்கள். அதற்கும் ரேம் செலவாகும். எடுத்துக்காட்டாக, லாமா 3.1இன் 8பி மாடலுக்கு ஒவ்வொரு டோக்கனுக்கும் 128 கேபி வீதம், 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. மேலும், கார்டு இல்லாத கணினி நீண்ட ஆவணத்தைப் படித்து முடிக்கவே பல நிமிடங்கள் எடுக்கும். ஆகவே கட்டு முழுவதையும் ஒருசேரக் கொடுக்காமல், ஒரு நேரத்தில் ஒரு பத்திரத்தை மட்டும் கொடுத்து, பத்திரத்துக்கு ஒரு வரியாக அட்டவணையில் சேர்த்துவாருங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே, அது மூலத்தில் எந்தப் பக்கத்தில், எந்தச் சொற்களில் இருக்கிறது என்று அப்படியே எடுத்தெழுதச் சொல்லுங்கள். அந்தச் சொற்களை மூலத்தில் தேடினால் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியையே தள்ளிவிடலாம். சரிபார்ப்பு இதனால் மிகவும் எளிதாகும்.

நில அளவு மாற்றத்தை எந்த மாடலிடமும் விடாதீர்கள். மாவையும் குழியையும் மூலத்தில் உள்ளபடியே எடுத்துத் தருவதோடு அதன் வேலை முடியட்டும். பெருக்குவதை எக்செல் செய்யும்.

ஸ்கேன் செய்த தாள்களுக்கு முதலில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) தேவை. திறமூல டெசராக்ட் தமிழ் அச்சை ஓரளவு நன்றாகவே படிக்கும். கையெழுத்தில் எழுதப்பட்ட பழைய பத்திரங்களை அதனிடம் கொடுத்துப் பயனில்லை. அவற்றைக் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு நல்ல வழியை இன்றைக்கு என்னால் பரிந்துரைக்க இயலாது.

நுங்கை எழுதியது:

கரந்தையின் சோதனையைப் படித்த பிறகு என் நிலைப்பாட்டைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். பிரித்தெடுக்கும் வேலைக்குச் சொந்தக் கணினி போதும் என்பது தெரிகிறது. ஆனால் அந்த அட்டவணையை வைத்து 'இந்த உரிமைத் தொடரில் எங்கே ஓட்டை இருக்கிறது' என்று கேட்கும் ஆய்வுக்குச் சிறு மாடலை நம்ப வேண்டாம். அந்த ஆய்வை வழக்கறிஞர் செய்யட்டும். அதில் எழும் சட்டக் கேள்வியை, வடக்குமாசி சொன்னபடி அடையாளமின்றி, பெரிய மாடலிடம் கேட்கட்டும்.

சொந்தக் கணினி என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடாமல் இருக்க இரண்டு எச்சரிக்கைகள். ஒல்லாமாவில் 2025 செப்டம்பர் முதல் 'கிளவுட்' என்று முடியும் மாடல்களும் பட்டியலில் வருகின்றன. அவை உங்கள் கணினியில் இயங்குவதில்லை, கேள்வி வெளி சர்வருக்குச் செல்கிறது. அடுத்து, அலுவலகத்தின் மற்ற கணினிகளும் பயன்படுத்தட்டும் என்று 11434ஆம் போர்ட்டை (ஒல்லாமா கேள்விகளை ஏற்கும் வாயில்) திறந்து வைப்பவர்கள், ரவுட்டர் வழியாக அதை இணையம் முழுவதற்கும் திறந்துவிடக் கூடாது. ஒல்லாமாவுக்கு இயல்பாகக் கடவுச்சொல் கிடையாது. ஐயம் தீர எளிய சோதனை ஒன்றுண்டு: இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். விடை வந்தால் மாடல் உங்கள் கணினியில்தான் இருக்கிறது.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். டீப்சீக் ஆர்1 8பி என்று பதிவிறக்குவது, 2025 ஜனவரியில் உலகம் பேசிய 67,100 கோடி அளவுருக்கள் கொண்ட டீப்சீக் ஆர்1 அன்று. அதன் விடைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட லாமா அல்லது குவென் வகைச் சிறு மாடல்தான் அது.

வடக்குமாசி எழுதியது:

மற்றொன்றையும் சேர்க்கிறேன். உரையாடல் வெளியே போகாவிட்டாலும், அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. எல்எம் ஸ்டுடியோ ஒவ்வோர் உரையாடலையும் கோப்பாக வைத்திருக்கும். ஒல்லாமா போன்றவற்றுக்கு உரையாடல் திரையாக அமையும் ஓப்பன் வெப்யுஐ தன் தரவுத்தளத்தில் வைத்திருக்கும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஏழெட்டுக் குடும்பங்களின் சொத்து விவரம் கடைக்காரரின் மேசைக்குப் போகும். கணினியின் வட்டை மறையாக்கம் செய்யுங்கள், அதாவது சாவியின்றி எவரும் படிக்க முடியாதபடி ஆக்குங்கள்.

கரந்தை எழுதியது:

மிக்க நன்றி. இன்று அலுவலகத்தில் அனைவரையும் அமர்த்திப் பேசி முடிவெடுத்துவிட்டோம். கட்டில் உள்ள எந்தத் தாளையும் கைப்பேசியால் படமெடுத்துச் சாட்பாட்டிடம் கொடுக்கக் கூடாது. பத்திரங்களிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுப்பது அலுவலகக் கணினியில், ஒரு நேரத்தில் ஒரு பத்திரமாக, மூலச் சொற்களோடு நடக்கும். வெளியான தீர்ப்புகளைச் சுருக்குவதற்கும், ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதற்கும், அடையாளமற்ற சட்டக் கேள்விகளுக்கும் இணையச் சேவையைப் பயன்படுத்தலாம். அதில் பயிற்சி அமைப்பை அணைத்துவிட்டோம். அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்ட ஜூனியர், அதன் எதிரே தம் சுருக்கொப்பத்தை இடுவார்.

வட்டை மறையாக்கம் செய்ய விண்டோஸின் பிட்லாக்கரைப் பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறோம். அதன் மீட்புச் சாவியை அதே கணினியில் வைப்பதில் பொருளில்லை அல்லவா?

பீளமேடு எழுதியது:

பொருளில்லை. தாளில் அச்சிட்டு, மூலப்பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பிட்லாக்கர் விண்டோஸ் புரோவில் உண்டு. ஹோம் பதிப்பானால், கணினி இடமளித்தால், 'சாதன மறையாக்கம்' என்ற பெயரில் அமைப்புகளில் இருக்கும். அது மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கும் என்பதால், அந்தக் கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும், ஜூனியர் ஒருவரின் சொந்தக் கணக்காக இருக்க வேண்டாம்.